ஏமாற்றமும் சங்கடமும்: வியாபாரிகளுக்கு ஓர் ஆங்கிலப் பாடம்

வியாபாரிக்குச் சரக்கும் முதலும் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் சொல். ஈப்போவிலும், ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்ட சுங்கை சிப்புட் பக்கத்திலும் கடை வைத்திருக்கும் நம்மவர்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். வாடிக்கைக்காரரிடம் மலாய் பேசுகிறார்கள். மொத்த வியாபாரிக்கும் பேங்குக்கும் கடிதம் எழுதும்போது ஆங்கிலத்தைத் தேடுகிறார்கள். இந்த மூன்றாவது இடத்தில்தான் வழுக்கல் அதிகம். அதிலும் மனவருத்தத்தைத் தெரிவிக்கும் சொற்களில் வழுக்கினால் நஷ்டம் ரொக்கமாகவே வந்து சேரும். ஆகவே ‘டிஸப்பாயிண்ட்’, ‘எம்பாரஸ்’ என்னும் இரண்டு சொற்களையும் அவற்றின் சுற்றத்தாரையும் இங்கே பார்ப்போம்.

1. ஏமாற்றம் வேறு, வஞ்சகம் வேறு

தமிழில் ‘ஏமாற்றம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. எதிர்பார்த்தது கிடைக்காவிட்டாலும் ஏமாற்றம். ஒருவன் வஞ்சித்தாலும் ஏமாற்றம். “இப்படி ஏமாற்றிவிட்டீர்களே!” என்று நேரில் சொன்னால், கேட்பவர் நம் குரலைக் கொண்டு அர்த்தம் செய்துகொள்வார். கடிதத்துக்குக் குரல் கிடையாது.

ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. எதிர்பார்த்தது நடவாத வருத்தம் ‘டிஸப்பாயிண்ட்’. வஞ்சகம் ‘சீட்’. மலாயிலும் அப்படியே, முன்னது ‘கெச்சேவா’ அல்லது ‘ஹம்பா’, பின்னது ‘தீப்பு’. ‘ஹம்பா’ என்பது உள்ளே மணியில்லாத நெல்லுக்கும் பெயர். நம் பதர்தான் அது.

நோன்புப் பெருநாளுக்கு வேண்டிய சரக்கு, பெருநாள் கழிந்த மறுநாள் வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் கோபத்தில் “யூ ஹேவ் சீட்டட் அஸ்” என்று எழுதிவிட்டால், அது தாமதத்தைப் பற்றிய முறையீடு அன்று, குற்றச்சாட்டு. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 415-ஆம் பிரிவு ‘சீட்டிங்’ என்பது இன்னதென்று கூறுகிறது. வஞ்சித்துப் பொருளைப் பெறுபவனுக்கு 420-ஆம் பிரிவு சிறைத் தண்டனை விதிக்கிறது. ஊரில் மோசடிக்காரனை ‘ஃபோர் ட்வெண்டி’ என்று ஏசுவார்களே, அந்த எண் இந்தியாவின் 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தில் வந்தது. நம் நாட்டுச் சட்டமும் அதே வம்சம்தான்.

“வீ ஆர் டிஸப்பாயிண்டட் தட் த கூட்ஸ் கேம் லேட்” என்று எழுதினால் வருத்தமும் தெரியும், உறவும் நிற்கும். அடுத்த மாதக் கடனும் கிடைக்கும்.

2. சின்னச் சொல், பெரிய வித்தியாசம்

‘டிஸப்பாயிண்டட் வித் த கூட்ஸ்’ என்றால் சரக்கின் மேல் குறை. ‘டிஸப்பாயிண்டட் இன் யூ’ என்றால் மனிதரின் குணத்தின் மேல் குறை. பின்னது தகப்பன் மகனிடம் சொல்லும் சொல். மொத்த வியாபாரிக்கு எழுதத் தக்கதன்று.

முடிவெழுத்தையும் கவனிக்க வேண்டும். ‘ஐ ஆம் டிஸப்பாயிண்டட்’ என்றால் எனக்கு ஏமாற்றம். ‘ஐ ஆம் டிஸப்பாயிண்டிங்’ என்றால் நானே பிறருக்கு ஏமாற்றம் தரும் ஆள்! நம் பிள்ளைகள் பலர் இந்த இரண்டையும் மாற்றி எழுதுகிறார்கள்.

3. ‘எம்பாரஸ்’ என்பதன் பழைய அர்த்தம்

இந்தச் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் இதற்குத் தடை, முட்டுக்கட்டை என்பதே பொருள். கூச்சம், சங்கடம் என்ற பொருள் பிந்தி வந்தது. பழைய பொருள் பணக் கணக்கில் இன்னும் தங்கியிருக்கிறது. ‘ஃபைனான்ஷியலி எம்பாரஸ்ட்’ என்றால் பணமுட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். நாமும் ‘முட்டு’ என்றுதானே சொல்கிறோம்!

வியாபாரி நன்றாக மனத்தில் வைக்க வேண்டிய இடம் இது. பாக்கிக்காரர் ஒருவர், தாம் ‘டெம்பரரிலி எம்பாரஸ்ட்’ என்று எழுதினால், அவர் வெட்கப்படுவதாகச் சொல்லவில்லை. பாக்கி இப்போது வராது என்று சொல்கிறார். ‘பாவம், வெட்கப்படுகிறார், நல்ல மனிதர்’ என்று எண்ணி மேலும் பற்று எழுதுகிறவர் தம் முதலையும் முட்டில் கொண்டுபோய் வைப்பார்.

4. வெட்கத்தின் வகைகள்

மலாயில் ‘மாலு’ என்ற ஒரே சொல் கூச்சம், சங்கடம், அவமானம் மூன்றுக்கும் போதும். நம் ‘வெட்கம்’ என்பதும் ஏறக்குறைய அப்படியே. ஆங்கிலத்தில் பிரித்துச் சொல்ல வேண்டும். கல்லாவில் புதிதாக நிற்கும் பையன் பேசத் தயங்கினால் ‘ஷை’. நாலு பேர் முன்னால் விலையைத் தவறாகச் சொல்லி முகம் சிவந்தால் ‘எம்பாரஸ்ட்’. நிறுவையில் தெரிந்தே குறைத்தவன் மனம் குத்தப்பட்டால் ‘அஷேம்ட்’. மதரஸாவில் நாம் படித்த ‘ஹயா’ இம்மூன்றிலும் அடங்காது. அது நற்குணம், ஆங்கிலத்தில் ‘மாடெஸ்டி’ என்பது அதற்கு ஓரளவு கிட்ட வரும்.

ஆகவே பில்லில் கூட்டல் பிசகினால் “வீ ஆர் அஷேம்ட்” என்று எழுத வேண்டாம். வேண்டுமென்றே செய்தது போல் ஒலிக்கும். “வீ ரெக்ரெட் த எரர்” என்பதே போதும். கேட்ட பொருள் இல்லையென்றதும் வாடிக்கைக்காரர் “வாட் எ ஷேம்” என்றால் கோபிக்கவும் வேண்டாம். ‘அடடா, கிடைக்கவில்லையே’ என்பதுதான் அதன் கருத்து. ‘ஷேம் ஆன் யூ’ என்பதுதான் ஏச்சு.

5. ‘ஃப்ரஸ்ட்ரேட்’

மனமுடைந்த மலாய் இளைஞர்கள் ‘ஃப்ரஸ்ட்’ என்பது இச்சொல்லின் வால் அறுந்த உருவம். சட்டத்தில் இதற்கு வேறு கனம் உண்டு. 1950-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, செய்ய முடியாமற்போன ஒப்பந்தம் செல்லாததாகிறது. அதையே ‘ஃப்ரஸ்ட்ரேஷன்’ என்கிறார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடைகள் அடைபட்டபோது, வாடகைப் பேச்சில் இச்சொல் அதிகம் அடிபட்டது. வியாபாரம் மந்தம், லாபம் இல்லை என்பது மட்டும் இதில் சேராது. சொல்லின் ஓசையை நம்பி வாடகையை நிறுத்துவதற்கு முன் வக்கீலைக் கேட்க வேண்டும்.

எழுதும்போது நினைவிருக்கட்டும்: ‘டிஸப்பாயிண்ட்’ என்பதில் எஸ் ஒன்று, பி இரண்டு, ‘எம்பாரஸ்’ என்பதில் ஆர் இரண்டு, எஸ் இரண்டு.

கடிதத்தைக் கோபத்தில் எழுதலாம். ஆனால் ஓர் இரவு வைத்திருந்து, ஆங்கிலம் அறிந்த ஒருவரிடம் காட்டிய பின்பே அனுப்ப வேண்டும். கேட்க வெட்கப்படுகிறவன் வழி தவறுவான் என்பது மலாய்க்காரர் பழமொழி. இந்த ஒரு வெட்கத்தை மட்டும் வியாபாரி கடை வாசலிலேயே விட்டுவிடுவது நல்லது.