கோழியோடு தாராவும்: பகலில் ஒன்றாக, இரவில் வேறாக

இடம்பெயர்ந்த குடும்பம் புதிய இடத்தில் காலூன்றும்போது வயல் உடனே கைக்கு வருவதில்லை. மாடு வாங்கவும் பணம் போதாது. உறவினர் வளவிலோ, பிறர் தந்த காணியிலோ இருக்கும் சிறு இடத்தில் முதலில் தொடங்கக்கூடியது கோழி வளர்ப்புத்தான். பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கும். அவசரத் தேவைக்கு விற்கவும் முடியும்.

ஆனால் கோழியை மட்டும் நம்பியிருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. ராணிக்கெட் நோய் ஊருக்குள் வந்தால், தடுப்பூசி போடாத கோழிகளில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே இறந்துவிடும். அதே கிருமி தாராவின் உடலில் புகுந்தாலும் தாரா பொதுவாக நோய்வாய்ப்படுவதில்லை. எனவே கோழிகளோடு இரண்டு மூன்று தாராக்களும் இருந்தால், ஒரே நோயில் எல்லாவற்றையும் இழக்கும் நிலை குறையும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நோய் காட்டாத தாரா அக்கிருமியைக் கோழிகளுக்குக் கொடுக்கலாம். ஆகவே தாரா வாங்குமுன் கோழிகளுக்குத் தடுப்பூசி போடுங்கள். அதுபற்றி உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டறியலாம். புதிதாக வாங்கிய தாராவையும் கோழியையும் மூன்று கிழமையாவது தனியே வைத்துப் பார்த்த பின்பே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

குளம் வேண்டுமா?

தாரா என்றால் குளம் வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். முட்டைக்காக வளர்க்கும் தாராவுக்கு நீந்தும் குளம் கட்டாயமில்லை. தலையையும் கண்ணையும் முழுமையாக நனைக்கக்கூடிய ஆழமான பாத்திரம் போதும். இது இல்லாவிட்டால் மூக்குத் துவாரம் அடைபடும்; கண்ணில் பீளை கட்டும். தீன் வைக்கும்போது பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் தவிட்டை விழுங்கும் தாராவுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் உள்ள இடத்தைத் தாரா சேறாக்கும் என்பதை மறக்க வேண்டாம். கோழியையும் தாராவையும் சேர்த்து வளர்ப்பதில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஈரத்தால் வருபவையே. கோழிக்குஞ்சுகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சல் நோயின் கிருமி ஈரமான, சூடான கூட்டுத் தரையில்தான் நோயைத் தொற்றவைக்கும் நிலையை அடைகிறது. ஆகவே தாராவின் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கோழிக் கூட்டிலிருந்து தள்ளி, வாழைக்கு அருகில் வையுங்கள். நாள்தோறும் ஊற்றும் அழுக்குத் தண்ணீர் வாழைக்கு நல்ல பசளை. கோழிக்குஞ்சுகள் விழுந்து இறக்காதபடி பாத்திரத்துக்குள் சில கற்களை இடுங்கள்.

கிணற்றிலிருந்து இயன்றளவு தூரத்தில், பள்ளமான பக்கத்தில் இந்த இடம் அமைய வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணாம்புக்கல் நிலத்தின் ஊடாக அழுக்கு நீர் கிணற்றுக்குள் எளிதில் இறங்கும். பொதுக் கிணற்றைப் பயன்படுத்துவோர், தாரா வாங்குமுன் அயலவரோடு பேசி இடத்தை முடிவு செய்தால் பின்னர் மனக்கசப்பு வராது.

இரவுக் கூடு

கோழி உயரத்தில் தடியில் ஏறி உறங்கும். தாரா தரையில் உறங்கும். ஒரே கூட்டில் அடைத்தால் கோழி எச்சம் தாராவின் மேல் விழும். தாராவின் ஈரம் கோழியைக் கெடுக்கும். எனவே இரவில் வேறு வேறாக அடைக்க வேண்டும். இரண்டு கூடுகள் கட்ட வசதியில்லாதவர்கள், ஒரு கூட்டை நடுவில் பலகையாலோ பனை மட்டையாலோ மறித்து, இரண்டு வாசல் வைக்கலாம்.

தாரா ஒன்றுக்கு 4 சதுர அடி தரை இருந்தால் நல்லது. உமி அல்லது காய்ந்த வைக்கோலைப் பரப்பி, நனைந்ததை அகற்றிப் புதியதை இடுங்கள். கூரைக்குக் கிடுகு போதும். ஆனால் சுவரின் கீழ்ப்பகுதியில் கீரி, மரநாய், நாய் நுழையாதபடி தகரமோ கம்பி வலையோ அடிக்க வேண்டும். மாரி மழை ஐப்பசியில் தொடங்குமுன் கூட்டின் தரையை மண்ணிட்டு உயர்த்திவிடுங்கள்.

தாரா பெரும்பாலும் விடியற்காலையில் முட்டையிடும். காலை 8 அல்லது 9 மணி வரை அடைத்து வைத்தால் முட்டை கூட்டிலேயே கிடைக்கும். முன்னதாகத் திறந்தால் பற்றைகளில் இட்டுவிடும். கோழிகளை விடிந்ததும் திறக்கலாம்.

பகலில் தோட்டத்தில்

கோழி மண்ணைக் கிளறும். செடியின் வேரை வெளியே எடுத்துவிடும். தாரா கிளறாது, நத்தை, புழு, பூச்சிகளைத் தேடி உண்ணும். மழைக்காலத்தில் கீரையையும் கன்றுகளையும் அழிக்கும் ஆபிரிக்க நத்தையின் சிறு குஞ்சுகளையும் அது உண்ணும். ஆனால் இளங்கீரையைத் தின்பதோடு நாற்றுகளை மிதித்தும்விடும். பாத்திகளை அடைத்து, வளர்ந்த கத்தரி, மிளகாய், வாழைகளின் இடையில் மட்டும் விடுங்கள்.

காலபோக அறுவடைக்குப் பின் மாசி, பங்குனி மாதங்களில், உரிமையாளரின் சம்மதத்துடன் தாராக்களை வயலில் மேய விடலாம். சிந்திய நெல்லும் பூச்சியும் தீன் செலவைக் குறைக்கும். அண்மையில் நஞ்சு தெளித்த வயலுக்கு மட்டும் விடக்கூடாது.

தீனில் கவனம்

தவிடு, குறுணல், மீன் கழிவு, தேங்காய்ப் புண்ணாக்கு, வீட்டு மிச்சம் ஆகியவை இரண்டுக்கும் பொருந்தும். தாராக் குஞ்சுகளுக்கு வேண்டிய நியசின் என்னும் விற்றமின் கோழிக்குஞ்சுக்கு வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெறும் சோறும் குறுணலும் கொடுத்தால் கால் வளைந்து நடக்க முடியாமற் போகும். கருவாட்டுத் தூள், கடலைப் புண்ணாக்கு, சிறிது ஈஸ்ட் கலந்து கொடுங்கள்.

பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கும் சோளமும் தாராவுக்குக் கொடிய நஞ்சு. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பூஞ்சண நஞ்சு கலந்த கடலைப் புண்ணாக்கால் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. தாராக் குஞ்சுகளும் மடிந்தன. மழையில் நனைந்த புண்ணாக்கை மலிவு என்று வாங்க வேண்டாம். கடையில் கோழிக்குஞ்சுத் தீன் வாங்கும்போது, அதில் கலந்த மருந்து தாராவுக்கு ஆகுமா என்று கேளுங்கள்.

குஞ்சு பொரித்தல்

நன்றாக முட்டையிடும் காக்கி கம்பெல் போன்ற இனங்கள் அடைகிடப்பது அரிது. இங்குதான் நாட்டுக்கோழி உதவுகிறது. ஒரு கோழியின் கீழ் 8 தாரா முட்டைகள் வரை வைக்கலாம். கோழிமுட்டை பொரிக்க 21 நாள். தாரா முட்டைக்கு 28 நாள். ஒரு கிழமை கூடுதலாக இருப்பதால் கோழி மெலியும். நாள்தோறும் இறக்கி இரையும் நீரும் கொடுங்கள். முட்டை பெரிது, கோழியால் புரட்ட முடியாவிட்டால் நாமே புரட்டிவிட வேண்டும். தாராக் குஞ்சுகளை இறகு முளைக்கும்வரை, ஏறக்குறைய ஆறு கிழமைக்கு, நீந்த விடாதீர்கள். கோழித் தாய் வளர்க்கும் குஞ்சு நனைந்து விறைத்துப்போகும்.

சேவல் தாரா ஒன்றுக்கு ஐந்து, ஆறு பெட்டைகள் வேண்டும். பெட்டை குறைந்தால் அது கோழிகளை மிதித்துக் காயப்படுத்தும். உண்பதற்கும் விற்பதற்கும் முட்டை போதுமென்றால் சேவல் தாரா தேவையே இல்லை. அது இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான்.

மேலும் சில குறிப்புகள்

1. தாராவைக் காலில் பிடித்துத் தூக்க வேண்டாம். கால் எளிதில் முறியும். இரு கைகளாலும் சிறகோடு சேர்த்து உடலை அணைத்துத் தூக்குங்கள். வேறிடம் கொண்டு செல்லும்போது காலைக் கட்டாமல், காற்றுப் புகும் கூடையில் வைத்துச் செல்லுங்கள்.

2. தாரா முட்டையை நன்றாக அவித்தே உண்ண வேண்டும். அழுக்கான இடத்தில் இட்ட முட்டையின் ஓட்டினூடாகக் கிருமி உள்ளே செல்லும்.

3. கோழிகளோ தாராக்களோ பல ஒரே நேரத்தில் இறந்தால் உண்ணவோ விற்கவோ வேண்டாம். உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவித்து, அவர் சொல்வதுபோல ஆழமாகப் புதைத்துவிடுங்கள். பறவைக் காய்ச்சலைத் தாரா வெளியே காட்டாமலும் சுமக்கக்கூடும்.

தொடக்கத்தில் ஐந்து கோழி, ஒரு சேவல், மூன்று பெட்டைத் தாரா போதும். ஒரு மாரியும் ஒரு கோடையும் கடந்த பின், தீனுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு வேலை என்பது வீட்டிலுள்ளவர்களுக்கே தெரியும். அதன் பின்பு கூட்டலாம்.

கூடிப் பேசுவதற்கு

1. நமது வளவில் தாராவின் தண்ணீரை எங்கே வைத்தால் கிணறும் கோழிக் கூடும் பாதுகாப்பாக இருக்கும்?

2. கடந்த ஆண்டு நமது குறிச்சியில் எத்தனை வீடுகளில் கோழிகள் நோயால் இறந்தன? எல்லோரும் ஒரே நாளில் தடுப்பூசி போட என்ன செய்யலாம்?

3. அடைக்கோழி உள்ள வீடும் தாரா முட்டை உள்ள வீடும் குஞ்சுகளை எப்படிப் பங்கிட்டுக்கொள்ளலாம்?