வீட்டை விற்கும் முன் மூன்று மாத வேலை



கறவை மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போகும் முன் நாம் என்ன செய்கிறோம்? குளிப்பாட்டுகிறோம். வயிறு நிறையத் தீவனம் வைக்கிறோம். பழைய கயிற்றை மாற்றிப் புதுக்கயிறு போடுகிறோம். ஆனால் மாட்டைவிடப் பல மடங்கு விலை உள்ள வீட்டை விற்கும்போது மட்டும், “யாராவது இருந்தா சொல்லுங்க” என்று டீக்கடையில் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, வட்டிக் கடன் என்று ஏதாவது ஒரு நெருக்கடியில்தான் பெரும்பாலும் வீடு விலைக்கு வருகிறது. அவசரத்துல அண்டாவுக்குள்ளகூட கை போகாது என்பார்கள். நம் அவசரம் வாங்குபவருக்குத் தெரிந்துவிட்டால், விலையை அவர்தான் சொல்வார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 லட்சம் பெறும் வீடு அவசரத்தில் 4 லட்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நட்டம் 1 லட்சம். அந்த நெருக்கடிக்கு உடனே தேவைப்பட்டது 50,000 ரூபாய்தான் என்றால், அதைக் குழுவில் கடனாக வாங்கியிருக்கலாம். நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்றால், மூன்று மாதத்துக்கு வட்டி 1,500 ரூபாய். அந்த மூன்று மாதத்தில் வீட்டைத் தயார் செய்து நல்ல விலைக்கு விற்கலாம். சில சமயம் விற்க வேண்டிய அவசியமே இல்லாமலும் போகலாம்.

1. முதலில் காகிதம்

பத்திரம், தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, கரண்டு பில் ஆகிய ஆறையும் ஒரே பையில் எடுத்து வையுங்கள். பட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் இணையத்தில் பார்க்கலாம். தெரியாதவர்கள் இ-சேவை மையத்தில் கேட்கலாம்.

பட்டா இறந்துபோன மாமனார் பேரிலேயே இருக்கிறதா? இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாற்ற வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும். அதனால் இதை முதல் வேலையாகத் தொடங்குங்கள்.

பத்திரத்தை அடமானமாகப் பதிவு செய்து கடன் வாங்கி, அதைக் கட்டி முடித்தவர்கள், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கடன் வில்லங்கத்தில் அப்படியே நிற்கும்.

அரசு கொடுத்த இலவச மனைப் பட்டாவில் விற்பதற்கு நிபந்தனை உண்டு. அதைப் படிக்காமல் முன்பணம் வாங்காதீர்கள்.

2. கையெழுத்து போட வேண்டியவர்கள்

“கல்யாணம் பண்ணிக் குடுத்த பொண்ணுக்கு என்ன பங்கு?” என்று கூட்டத்தில் கேட்பவர்கள் உண்டு. இந்து வாரிசுச் சட்டத்தில் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-ல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை வந்தது. அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு அப்போது அது கிடைக்கவில்லை. 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை கொடுத்தது. அந்தச் சட்டம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்பா சொந்தமாகச் சம்பாதித்த வீடு என்றால், அவர் உயில் எழுதாமல் இறந்தபின் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்கு. ஒருத்தர் கையெழுத்து விட்டுப்போனாலும் பின்னால் வழக்கு வரும். விற்கப்போவதை நாத்தனாரிடமும் மகளிடமும் முதலிலேயே உட்கார்ந்து பேசுங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குப் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம்.

முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு. எந்தப் பெண்ணும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி கேட்கலாம். இது 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை. வட்ட சட்டப் பணிகள் குழு தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும்.

3. இனி வீடு

வீடு பார்க்க வருபவர் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். உடைந்த ஓட்டை மாற்றுங்கள். மொட்டை மாடியில் தண்ணீர் இறங்கும் குழாயில் இலை அடைத்திருந்தால் எடுங்கள். அடுப்புக் கரி படிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுங்கள். கழிப்பறையைக் கழுவி, தண்ணீர் நிரப்பி வையுங்கள்.

பரணில் இருக்கும் பழைய சாமான், மூலையில் கிடக்கும் உர மூட்டை, உடைந்த சைக்கிள் இவற்றை எடுத்தாலே அறை பெரிதாகத் தெரியும். எல்லைக் கல் புதைந்திருந்தால் மண்ணை விலக்குங்கள். காணாமல் போயிருந்தால் சர்வேயரை வைத்து அளக்க மனுக் கொடுங்கள். காலை வெளிச்சத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து வீட்டைக் காட்டுங்கள். போர் தண்ணீரையும் ஓடவிட்டுக் காட்டுங்கள்.

புது டைல்ஸ், விலை உயர்ந்த பெயிண்ட் வேண்டாம். வாங்குபவர் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வார். சுவரில் விரிசல் இருந்தால் பூசி மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பேரம் முடியும் நேரத்தில் அவரே கண்டுபிடித்தால், நாம் சொன்ன மற்றதையும் நம்ப மாட்டார்.

4. விலையும் முன்பணமும்

அரசு வழிகாட்டி மதிப்பை மட்டும் வைத்து விலை வைக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற இரண்டு மூன்று வீடுகளின் விலையை விசாரியுங்கள். தரகர் கமிஷனை முன்பே பேசி முடியுங்கள்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023 முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் வழக்கமாக வாங்குபவர் செலவு. 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால், பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை 2025 ஏப்ரல் முதல் உண்டு. வாங்க வருபவருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

விற்பனை ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2012 டிசம்பரில் வந்தது. வெறும் பத்திரத் தாளில் கையெழுத்து போடாதீர்கள். பார்க்க வருபவருக்கு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். தரகர் பெயருக்குப் பொது அதிகாரம் எழுதித் தராதீர்கள். வீடு, நிலம் விற்கும் பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வருமான வரித்துறை அபராதம் விதிக்கும். வங்கிக் கணக்கில் வாங்கினால் நமக்கும் அதுவே சாட்சி.

5. பணம் வந்த பிறகு

வீடு கணவர் பெயரிலேயே இருந்தாலும், பணத்தை இருவர் பெயரிலும் உள்ள கூட்டுக் கணக்கில் போடச் சொல்லிப் பேசுங்கள். கடன் எவ்வளவு, அடுத்து எங்கே குடியிருப்பது, மீதி எதற்கு என்று விற்கும் முன்பே எழுதி வையுங்கள். வீடு போன பிறகு பணமும் கரைந்துவிட்டால், தெருவில் நிற்பது நாமும் பிள்ளைகளும்தான்.

குழுக் கூட்டத்தில் பேச

1. உங்கள் வீட்டுப் பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்குள் பார்த்து வந்து சொல்லுங்கள்.
2. உங்கள் வீட்டை விற்க யார் யார் கையெழுத்து வேண்டும்?
3. நெருக்கடியில் வீட்டை விற்கப் போகும் உறுப்பினருக்கு மூன்று மாத அவகாசம் கிடைக்க, நம் குழு என்ன செய்ய முடியும்?