இடிதாங்கி இடியைத் தாங்குமோ?

பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும், பருவக்காற்றுகள் மாறும் இடைக்காலத்தே, மலைநாட்டில் பிற்பகல்தோறும் இடி முழங்குதல் நாம் அறிந்ததே. அக்காலத்தில் மலையுச்சி வானொலி ஏரியல்களுக்கு நேரும் கேட்டையும், அதற்குரிய காப்பையும் ஈண்டு ஆராய்வோம்.

அமெச்சூர் வானொலியாளர் என்போர் உரிமம் பெற்று, ஊதியம் கருதாது, தம்முள் செய்தி பரிமாறுவோர். அவர்தம் கைக்கருவிகளின் மிக உயர் அதிர்வெண் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிலே செல்வன. இடையே மலை நின்றால் தடைப்படுவன. ஆதலின் ஓர் அலையில் செய்தியை ஏற்று, அக்கணமே வேறோர் அலையில் மீட்டனுப்பும் ‘ரிப்பீட்டர்’ நிலையங்களை உச்சிகளில் நிறுவுகின்றனர். உச்சியின் பயனைத் தொலைக்காட்சியும் காட்டும்: 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது, 2,524 மீற்றர் உயர்ந்த நம் பிதுருதலாகல மலையிலேயே அதன் முதன்மைப் பரப்பி அமைந்தது. எனினும், அலையைப் பரப்பும் அவ்வுயரமே மின்னலையும் அழைக்கின்றது.

இவ்வேரியல் பழுதுற்றால் வரும் இழப்பு சிறிதன்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது, தொலைபேசி அற்ற அம்பாந்தோட்டையிலிருந்து செய்தி தந்தோர் அமெச்சூர் வானொலியாளரே. 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகள் நுவரெலியா மாவட்டத்தை வருத்தியமை நம் நெஞ்சை விட்டு அகலாது. அத்தகைய நாளில் பேசவேண்டிய ஏரியல், முந்திய மின்னலால் ஊமையாகி நிற்றல் கூடாது.

மின்னல் வீச்சொன்றில் ஏறத்தாழ 30,000 அம்பியர் மின்னோட்டம் பாயும். கண்ணாடியிழை உறையுள் தங்கிய ஈரம் கணத்தில் ஆவியாகி, ஏரியலைப் பிளந்துவிடும். கம்பி வழி இறங்கும் மின்னெழுச்சி கருவியையும் கருக்கும். நேரே விழாது அயலில் விழுந்த மின்னலும் கம்பியில் மின்னைத் தூண்டவல்லது.

இனி ஒரு கணக்கு. புவித்தொடுப்பின் தடை 10 ஓம் எனக் கொள்வோம். 30,000ஐப் 10ஆல் பெருக்க, அங்கு எழும் அழுத்தம் 300,000 வோல்ற்று! பாறை நிலத்தில் தடை மிகும்; அழுத்தமும் மிகும். ஏரியலுக்கு ஒரு புவித்தொடுப்பும் மின்னிணைப்புக்கு வேறொன்றும் தனித்தனியே இருப்பின், இவ்வேறுபாடு கருவியினூடே பாயும். இரண்டையும் பிணைத்துவிட்டால் யாவும் ஒருங்கே உயரும். குளத்து நீர் உயருங்கால் தாமரைகள் யாவும் உயர்வது போல.

ஆகவே கருதத்தக்கன நான்கு:

1. ஏரியலினும் உயர்ந்த இடிதாங்கி.
2. கூரிய வளைவின்றி நேரே இறங்கும் அகன்ற செப்புப்பட்டை.
3. கம்பி அறையுள் நுழையுமிடத்தே மின்னெழுச்சித் தடுப்பான்.
4. புவித்தொடுப்புகள் அனைத்தையும் ஒன்றாய்ப் பிணைத்தல்.

இவை கேட்டைக் குறைக்குமேயன்றி முற்றாய் ஒழியா.

இல்லத்தில் வானொலி வைத்திருப்போர் இடி தொடங்குமுன்னரே ஏரியல் கம்பியைக் கழற்றுக, தொடங்கியபின் தொடற்க. ஒளிக்கும் ஒலிக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர் தூரம். முப்பது விநாடிக்குள் முழக்கம் கேட்பின், கொழுந்து பறிப்போரும் மரநிழலை நாடாது கட்டடத்துள் புகுக. இறுதி முழக்கத்தின் பின் அரைமணி நேரம் பொறுத்தே வெளிவருக.

மாணவர்காள்! இடிதாங்கி எனும் சொல் வழக்கில் நிலைபெற்றதே. ஆயினும் அக்கோல் எதனையும் தாங்குவதில்லை. வந்ததை நிலத்துக்கு வழிப்படுத்துகின்றது. வழி சீராயின் கோலும் பிழைக்கும், கருவியும் பிழைக்கும். தோட்டங்களில் பொறுப்பேற்றிருக்கும் பழைய மாணவர்கள், அடுத்த பங்குனிக்கு முன் தத்தம் கட்டடங்களின் புவித்தொடுப்பை ஒருமுறை சோதிப்பித்தல் நன்று.