இஃப்தாருக்குக் கொண்டுபோகும் சாப்பாடு: அடுப்பிலிருந்து சஹன் வரை

ரமளானில் வீட்டுக்கு ஒரு சமையல் கொண்டுவந்து, எல்லோரும் சேர்ந்து நோன்பு திறப்பது நல்ல வழக்கம். ஒரு வீட்டுப் பிரியாணி, இன்னொரு வீட்டுத் தால்ச்சா, மூன்றாவது வீட்டு சமோசா என்று எல்லாம் ஒரே விரிப்பில் வந்து சேரும். யாருக்கும் தனிச் சுமை இல்லை. ஆனால் அந்தச் சாப்பாடு அடுப்பை விட்டு இறங்கிய நேரத்துக்கும் வாய்க்குப் போகும் நேரத்துக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எர்ணாவூரில் ஒரு வீடு, நோன்பு திறக்கும் இடம் ராயபுரம். லுஹர் தொழுதுவிட்டு அடுப்பு பற்றவைத்தால் மூன்றரை மணிக்குப் பிரியாணி தம் இறங்கிவிடும். பாத்திரம் மாற்றி, குளித்து, அஸர் தொழுது, பிள்ளைகளைக் கிளப்பி ஆட்டோ ஏறும்போது ஐந்து. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்ல முடியாது. ஆறு மணிக்குச் சேர்ந்தோம் என்றே வைத்துக்கொள்வோம். ஆறே கால் வாக்கில் பேரீச்சம்பழம், கஞ்சி. பிறகு மஃரிப். பிரியாணி மூடி திறக்கும்போது மணி ஏழு. மூன்றரை மணி நேரம் போய்விட்டது.

மூன்றரை மணி நேரமும் அந்தச் சோறு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்திருந்தால் கவலை இல்லை. சமைத்த உணவைப் பரிமாறும் வரை 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும், சாதாரண அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விதி. வெளிச்சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கெடு என்று அமெரிக்க வேளாண் துறை இன்னும் இறுக்கிச் சொல்கிறது. மார்ச் மாதச் சென்னை மதியத்துக்கு இந்த இரண்டாவது விதிதான் பொருந்தும்.

நாம் ஏமாறுவது எங்கே என்றால், தொட்டுப் பார்த்து "சூடாத்தான் இருக்கு" என்று சொல்லும் இடத்தில். கைக்கு இதமான சூடு 40, 45 டிகிரிதான். கிருமிக்கும் அதுவே இதமான சூடு. இறைச்சிக் குழம்பில் வளரும் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமி 43 முதல் 47 டிகிரிக்குள் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். அதே வேகத்தில் போனால் ஒன்று இரண்டு மணி நேரத்தில் நாலாயிரத்தைத் தாண்டிவிடும். பெரிய தேக்சாவின் நடுப்பகுதியில் காற்றும் குறைவு, ஆறுவதும் மெதுவாக. அதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

சோற்றுக்கு வேறொரு கிருமி: பேசில்லஸ் சீரியஸ். இதன் வித்துகள் அரிசியிலேயே இருக்கின்றன. வேகும்போது சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நின்றால் முளைத்து, பெருகி, நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. "போய்ச் சேர்ந்ததும் சூடு பண்ணிக்கலாம்" என்ற பேச்சு பாதிதான் உண்மை. சூடாகவே போய்ச் சேர்ந்ததை இன்னும் சூடாக்கலாம். வழியில் கெட்டதைச் சூடாக்கி நல்லதாக்க முடியாது. மணம், ருசி, நிறம் எதிலும் வித்தியாசம் தெரியாது என்பதுதான் இதில் பெரிய சங்கடம்.

ஆகவே முதல் வேலை, சமையல் நேரத்தைத் தள்ளிவைப்பது. ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம் என்றால் தம் நாலே முக்காலுக்கு இறங்கட்டும். வெங்காயம் அரிவது, மசாலா அரைப்பது, அரிசி களைவது எல்லாம் முன்னாலேயே முடித்துக்கொள்ளலாம். நோன்போடு கடைசி நேரத்தில் அடுப்படியில் நிற்பது கஷ்டம், தெரியும். வீட்டு ஆண்கள் அந்த ஒரு மணி நேரம் கூட நின்றால் கஷ்டம் பாதியாகும்.

அடுத்தது பாத்திரம். தம் போட்ட பாத்திரத்திலேயே, மாவு வைத்து ஒட்டிய மூடியைத் திறக்காமலே கொண்டுபோவது எல்லாவற்றிலும் சிறந்தது. ருசி பார்க்கவும் திறக்க வேண்டாம். ஒவ்வொரு திறப்புக்கும் ஆவி போகும், ஆவியோடு சூடு போகும். ஹாட் பாக்ஸில் மாற்றுவதென்றால், முதலில் அதில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டுங்கள். குளிர்ந்த பாக்ஸ் சோற்றின் சூட்டைத் தான் வாங்கிக்கொள்ளும். பாக்ஸ் நிறைய இருக்க வேண்டும். பாதி நிரம்பிய பெரிய பாக்ஸைவிடத் தளும்பத் தளும்ப நிரம்பிய சின்ன பாக்ஸ் வெகு நேரம் தாங்கும்.

காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் தெர்மாகோல் பெட்டியை எல்லோரும் பார்த்திருப்போம். உள்ளிருக்கும் குளிர்ச்சியைக் காக்கும் அதே பெட்டி உள்ளிருக்கும் சூட்டையும் காக்கும். புதுப்பெட்டி ஒன்று வாங்கி (மீன் பெட்டியைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று யாரும் யோசிக்க வேண்டாம்), பாத்திரத்தைத் தடித்த துண்டிலோ பழைய போர்வையிலோ சுற்றி உள்ளே இறக்கி, இடைவெளியைத் துணியால் அடைத்து மூடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் நேராகத் தெர்மாகோலில் பட்டால் இளகிவிடும், அதனால்தான் துண்டு. வண்டியில் பாத்திரம் தரையில் இருக்கட்டும், யார் மடியிலும் வேண்டாம். மூடி மேல் கங்கு வைத்தபடி ஆட்டோவில் ஏறவே கூடாது.

தால்ச்சா, குழம்பு வகைகளைத் தனிப் பாத்திரத்தில், கிளம்பும் நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு மூடுங்கள். போய்ச் சேர்ந்ததும் அங்கே அடுப்பு இருந்தால் இன்னொரு கொதி. தயிர்ப் பச்சடியைச் சூடான பாத்திரத்தோடு ஒரே பையில் வைப்பது பலர் செய்வது. அது இரண்டையும் கெடுக்கும். தயிரைக் குளிரவைத்துத் தனியாகக் கொண்டுபோய், வெங்காயத்தை அங்கே போய்க் கலந்துகொள்ளலாம். சமோசா, வடையை இறுக மூடினால் வியர்த்து நமத்துப்போகும். இறைச்சி வைத்த சமோசாவென்றால் பொரிக்காமல் குளிராகக் கொண்டுபோய் அங்கே பொரிப்பதே மேல்.

பள்ளிவாசலில் வாங்கும் நோன்புக் கஞ்சிக்கும் இதே கணக்குதான். கெட்டியான கஞ்சி நல்ல மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் சூடு தாங்கும். பிளாஸ்டிக் கவரில் தாங்காது. தமிழ்நாட்டில் அந்தக் கவர்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடையும் இருக்கிறது. தூக்கு இல்லாமல் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

உள்ளே 60 டிகிரி இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். வீட்டுக்கு ஒன்று வேண்டாம், ஜமாஅத்துக்கு ஒன்று இருந்தால் போதும். ஓரத்தில் அல்ல, நடுவில் குத்திப் பார்க்க வேண்டும்.

இனி, நாம் மனம் விட்டுப் பேச வேண்டிய ஒன்று. விருந்து முடிந்து தராவீஹும் முடிந்து மிஞ்சியதைப் பொட்டலம் கட்டி, சாலையோரம் படுப்பவர்களுக்கும் லோடு இறக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் கொடுக்கிறோம். நிய்யத் நல்லதுதான். ஆனால் அப்போது மணி பத்து. சாப்பாட்டுக்கு வயது ஐந்து மணி நேரத்துக்கு மேல். வாங்குபவர் பாதியை ஸஹருக்கோ காலைக்கோ எடுத்துவைப்பார், அவரிடம் ஃபிரிட்ஜ் இல்லை. இருக்கிற உணவிலேயே பழையதும் ஆபத்தானதும் ஏழையின் கைக்குப் போகிறது. வாந்தி பேதி வந்தால் மறுநாள் கூலி போகும், யாரிடமும் முறையிடவும் மாட்டார். அவருக்கான பங்கை மூடி திறந்த உடனே, நம் சஹனுக்கு முன்னால், முதல் கரண்டியில் எடுத்துச் சூட்டோடு அனுப்பிவிடலாம். அதற்கென்று இரண்டு வாலிபர்களும் ஒரு வண்டியும் போதும். கொடுக்கும்போது "இப்பவே சாப்பிட்டுடுங்க, வைக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

நம் வீட்டுக்கு எடுத்துவரும் மிச்சமும் அப்படித்தான். விரிப்பில் மணிக்கணக்கில் திறந்து கிடந்தது ஸஹருக்கு ஆகாது. கொட்ட மனம் வராது. அதனால்தான் அடுத்த முறை ஒரு படி குறைத்துச் சமைக்கச் சொல்கிறோம். சூடு குறையாமல் மூடியிருந்த பாத்திரத்தில் மிஞ்சியதை மட்டும் அகலமான தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டு, சீக்கிரமே ஃபிரிட்ஜில் வைத்து, உண்ணும்முன் ஆவி பறக்க ஒரே ஒரு முறை சூடாக்குங்கள்.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் பலருக்கு ஒன்றாக வாந்தி வந்தால் சோற்றையும், எட்டு மணி நேரம் கழித்து வயிற்று வலியும் பேதியும் வந்தால் இறைச்சியையும் சந்தேகிக்கலாம். பகலெல்லாம் தண்ணீர் குடிக்காத உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். உடனே ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள் என்றால் விடியும் வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் காட்ட, மிஞ்சிய உணவில் கொஞ்சத்தைச் சுத்தமான டப்பாவில் மூடிக் குளிரில் வைத்திருங்கள்.