காவல் நாயைப் பராமரிக்கும் முறைகள்

மந்தையில் நன்றாக மேய்ந்து கொண்டிருந்த ஆடு ஒன்று, ஒருநாள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு செக்கு மாடு போல ஒரே இடத்தில் சுற்றத் தொடங்குகிறது. நாளடைவில் பார்வை மங்குகிறது. தீனி எடுப்பதில்லை. சில வாரங்களில் விழுந்து இறந்தும் விடுகிறது. காற்றுப் பட்டுவிட்டது என்று சொல்லி மந்திரிக்க அழைத்துச் செல்பவர்கள் உண்டு. ஆடு இவ்வாறு சுற்றுவதற்கு வேறு நோய்களும் காரணமாகலாம். ஆயினும் பல சமயங்களில் இதற்குக் காரணமான புழு, அந்த ஆட்டை இரவெல்லாம் காத்து நின்ற நாயின் குடலில்தான் இருக்கிறது.

உழவு மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்யும் நம் விவசாயிகள், நாய் விஷயத்தில் மட்டும் "மிச்சம் மீதியைத் தின்றுவிட்டுக் கிடக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். நாயின் நலம் ஆட்டின் நலத்தோடும், வீட்டுக் குழந்தைகளின் உயிரோடும் பின்னிக் கிடக்கிறது. பெரிய செலவில்லாமல் நாயை நோயின்றி வைத்திருக்கும் வழிகளை இங்கே காண்போம்.

நம் மண்ணின் நாய்கள்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழகத்தின் பெயர் பெற்ற நாயினங்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. இவற்றின் குட்டையான முடி நம் வெயிலுக்கு ஏற்றது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கு ஓடிப் பழகிய ஒல்லியான உடல்வாகு கொண்டவை. கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவது இவற்றுக்கு இயல்பே. ஆனால், முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு தெரிந்தால் அது மெலிவு என்று அறிக. பெயரில்லாத நம் ஊர் நாய்க்கும் இக்கட்டுரையில் கூறப்படும் முறைகள் அனைத்தும் பொருந்தும்.

தீனி

பழைய சோறும் மோரும் மட்டுமே தின்னும் நாய் வயிறு நிறைந்தாலும் வலுப்பெறாது. சோறு, கம்பு, கேழ்வரகு இவற்றில் எது இருக்கிறதோ அதனுடன் வேகவைத்த பருப்பு, முட்டை, வெந்த இறைச்சி அல்லது மீன் ஆகியவற்றில் இயன்றதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வளர்ந்த நாய்க்குக் காலை, மாலை என இரு வேளை போதும். தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு வேளை, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். எட்டு வாரம் ஆகும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பது நல்லதல்ல. நாயின் சினைக்காலம் சுமார் 63 நாட்கள். கடைசி மூன்று வாரங்களில் தீனியைக் கூட்ட வேண்டும்.

கொடுக்கக் கூடாதவையும் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கும். எனவே வெங்காயம் போட்ட குழம்பை ஊற்றிப் பிசைந்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லெட்டும் நஞ்சே. வெந்த கோழி எலும்பு ஊசி போல உடைந்து குடலைக் குத்தும். சுத்தமான தண்ணீர் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

நாள்தோறும் ஐந்து நிமிடம்

மாலையில் தீனி வைக்கும் முன் ஐந்து நிமிடம் நாயின் உடலைத் தடவிப் பார்ப்பதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். நோயை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

* கண்: பீளை, சிவப்பு, நீர்வடிதல் உண்டா?
* ஈறு: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் குடற்புழுவோ உண்ணியோ இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று கொள்ளலாம். மஞ்சள் நிறம் கண்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.
* காது: நாய் தலையை அடிக்கடி உதறுவதும், காதில் நாற்றம் வீசுவதும் உள்ளே புண் இருப்பதன் அடையாளம். வெளிக் காதைப் பஞ்சால் துடைக்கலாம். குச்சியை உள்ளே விடக் கூடாது.
* கால்: விரல் இடுக்கில் நெருஞ்சி முள்ளும் உண்ணியும் ஒளிந்திருக்கும். ஓடியாடும் நாய்க்கு மற்ற நகங்கள் தாமாகத் தேயும். தரையில் படாத பக்க விரல் நகம் மட்டும் தேயாமல் வளைந்து வளர்ந்து சதைக்குள் இறங்கிவிடும். அதன் நுனியை மட்டும் வெட்ட வேண்டும். நகத்தினுள் இரத்த நாளம் ஓடுவதால் ஒட்ட வெட்டக் கூடாது.
* தோல்: முடி உதிர்ந்து, தோல் தடித்து, ஓயாமல் சொறிந்தால் அது சொறி நோயாக இருக்கலாம். சிலவகைச் சொறி மனிதருக்கும் தொற்றும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. நம் உடலைவிட நாயின் உடல் சூடாக இருப்பது இயற்கையே. மூக்கு காய்ந்திருப்பதை மட்டும் வைத்துக் காய்ச்சல் என்று முடிவு செய்ய இயலாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் சாப்பிடும் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. அவை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுத்து உயிரையும் பறிக்கக்கூடும்.

குளிப்பாட்டுதல்

மாதத்திற்கு இருமுறை குளிப்பாட்டினால் போதும். தினமும் குளிப்பாட்டினால் தோலில் உள்ள எண்ணெய்ப் பசை போய்த் தோல் வறண்டுவிடும். துணி சோப்பும் சலவைத் தூளும் ஆகாதவை. நாய்க்கென்று விற்கும் சோப்பே ஏற்றது. வெயில் ஏறிய பின் குளிப்பாட்டி, காதில் நீர் புகாமல் பார்த்து, சோப்பு சிறிதும் தங்காமல் கழுவி, பழைய துணியால் ஈரத்தைத் துடைக்க வேண்டும். மற்ற நாட்களில் சொரசொரப்பான துணியாலோ தூரிகையாலோ முடியின் போக்கிலேயே தேய்த்துவிட்டால் உதிர்ந்த முடியும் அழுக்கும் போய், இரத்த ஓட்டமும் சீராகும்.

உண்ணித் தொல்லை

நாயின் மேலுள்ள உண்ணியைப் பிடுங்கிப் போட்டும் குறையவில்லையே என்று பலர் சலித்துக்கொள்வார்கள். காரணம் இதுதான்: இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் கல்லிடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அங்கிருந்து புதிய உண்ணிகள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் நாய்க்காகக் காத்திருக்கும். எனவே நாய்க்கு மருந்திடும் அதே நாளில் நாய் படுக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். வெடிப்புகளைப் பூசிச் சுண்ணாம்பு அடித்து, படுக்கைச் சாக்கைக் கொதிநீரில் முக்கி வெயிலில் காயவைக்க வேண்டும்.

ஓரிரண்டு உண்ணிகளை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்து எடுத்துச் சோப்பு நீரில் போடலாம். கையால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெயையோ கழிவு ஆயிலையோ நாயின் மேல் பூசக் கூடாது. பயிருக்குத் தெளிக்கும் பூச்சி மருந்தை நாய்க்கு அடிப்பது அதைக் கொல்வதற்கு ஒப்பாகும். நாய் தன் உடலை நக்குவதால் மருந்து நேராக வயிற்றுக்குள் செல்லும். மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தையும் மருத்துவர் சொல்லும் அளவின்றிப் பயன்படுத்தக் கூடாது. உண்ணி கடித்த நாய் சோர்ந்து, காய்ச்சல் கண்டு, மூக்கில் இரத்தம் வடிந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். தாமதிக்காமல் சிகிச்சை செய்தால் பிழைக்கும்.

குடற்புழுவும் ஆட்டுப்பட்டியும்

உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் புகுந்துவிடும். வயிறு உப்பி, முடி சிலிர்த்து நிற்கும் குட்டியைக் கொழுத்த குட்டி என்று எண்ணி ஏமாறக் கூடாது. குட்டி பிறந்த இரண்டாம் வாரத்தில் தொடங்கி மூன்று மாதம் வரை இரு வாரத்திற்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும், அதன்பின் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். அளவு நாயின் எடையைப் பொறுத்தது.

முதலில் கூறிய ஆட்டின் கதைக்கு வருவோம். ஊரில் ஆடு அறுக்கும்போது தலையையும் மூளையையும் பச்சையாக நாய்க்குப் போடுகிறோம். அந்த மூளையில் நீர்க்கட்டி வடிவில் நாடாப்புழுவின் இளம்பருவம் இருந்தால், அது நாயின் குடலில் முழுப் புழுவாக வளர்கிறது. நாயின் மலத்துடன் முட்டைகள் புல்லில் விழுகின்றன. அப்புல்லை மேயும் ஆட்டின் மூளையில் மீண்டும் கட்டி உண்டாகிறது. ஆடு சுற்றத் தொடங்குகிறது.

இன்னொரு வகை நாடாப்புழு ஆடு, மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் உள்ள நீர்க்கட்டிகளிலிருந்து நாய்க்கு வருகிறது. அதன் முட்டை நாயின் முடியிலிருந்து நம் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போனால், மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி ஆண்டுக்கணக்கில் வளரும். அறுவை செய்து அகற்ற வேண்டிய நிலையும் வரலாம்.

இந்தச் சங்கிலியை அறுக்க மூன்று காரியங்கள் போதும். ஒன்று, தலை, ஈரல், நுரையீரல், குடல் எதையும் பச்சையாக நாய்க்குப் போடாமல், கட்டியுள்ள உறுப்புகளை ஆழக் குழி தோண்டிப் புதைப்பது. இரண்டு, நாடாப்புழுவையும் ஒழிக்கும் பிரசிகுவாண்டல் கலந்த மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் கொடுப்பது. மந்தை நாய்க்கு இதை எத்தனை வாரத்திற்கு ஒருமுறை கொடுப்பது என்பதையும் அவரிடமே கேட்டறிக. மூன்று, நாயைத் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுவது. குழந்தைகளுக்கு இதைப் பழக்கிவிட வேண்டும்.

தடுப்பூசிகள்

குட்டிகளை அதிகம் பலி வாங்குவது பார்வோ என்னும் இரத்தக் கழிச்சல் நோய். வாந்தியும், நாற்றமுள்ள இரத்தக் கழிச்சலும் கண்டு இரண்டு மூன்று நாளில் குட்டி இறந்துவிடும். டிஸ்டெம்பர் என்னும் நோயில் கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்து, பிறகு வலிப்பு வரும். இவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் நான்கு மாத வயது வரை போட வேண்டும். எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் நெல் வயல் சார்ந்த ஊர்களில் நாயையும் மனிதரையும் ஒருங்கே தாக்கும். அதற்கும் தடுப்பூசி உண்டு.

வெறிநோய்

எல்லாவற்றையும்விடக் கொடியது வெறிநோய். அறிகுறி தோன்றிய பின் நாயையும் காப்பாற்ற முடியாது. மனிதரையும் காப்பாற்ற முடியாது. ஆனால், முன்கூட்டியே முழுமையாகத் தடுக்கக்கூடிய நோயும் இதுவே. மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாம் ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஓர் ஊசி. அவ்வளவுதான். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுவதுண்டு.

வெறிபிடித்த நாய் எல்லோரையும் துரத்திக் கடிக்கும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். எப்போதும் அப்படியல்ல. சில நாய்கள் ஓசையின்றி இருட்டில் ஒதுங்கிப் படுத்துவிடும். தாடை தொங்கி, எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல் தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்று நினைத்து, பாசத்தோடு வாய்க்குள் கையை விட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. மாட்டுக்கும் இந்நோய் வரும். எச்சில் ஒழுக ஓயாமல் கத்தும் மாட்டின் வாயிலும் கையை விடக் கூடாது. அத்தகைய நாயையோ மாட்டையோ விலகி நின்று, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

நாய் கடித்தால், அது வீட்டு நாயானாலும், சிறு குட்டியானாலும், கீறல் சிறிதானாலும், உடனே ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கட்டும் போடக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்ல வேண்டும். ஆழமான காயமாயின் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்தும் தேவைப்படும். நாய் நன்றாகத்தானே இருக்கிறது, பத்து நாள் பார்ப்போம் என்று ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சம் இன்றும் கிராமங்களில் இருக்கிறது. அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் நிறுத்தப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இப்போது போடும் முறைக்கேற்ப நான்கு அல்லது ஐந்து தவணைகள், பெரியவர்களுக்குக் கையிலேயே போடப்படுகின்றன. ஊசிக்கும் பெற்றோரின் திட்டுக்கும் பயந்து குழந்தைகள் கடிபட்டதை மறைத்துவிடுவார்கள். "நாய் கடித்தாலும் கீறினாலும் சொல், திட்ட மாட்டேன்" என்று வீட்டுக் குழந்தையிடம் இன்றே சொல்லி வையுங்கள்.

கோடைக்காலம்

நாய்க்கு உடம்பெங்கும் வியர்க்காது. மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக் கொள்ளும். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகையிலோ, நிழல் நகர்ந்துவிடும் இடத்திலோ கட்டிப் போடக் கூடாது. நாய் கடுமையாக இரைத்து, தள்ளாடி விழுந்தால் நிழலுக்குக் கொண்டு வந்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். காயம் ஏற்பட்டால் அன்றே கழுவி, ஈ மொய்க்காமல் காக்க வேண்டும். இல்லையேல் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும்.

நினைவில் கொள்ள

தினமும்: சுத்தமான தண்ணீர், இரு வேளைத் தீனி, ஐந்து நிமிடச் சோதனை.
வாரம் ஒருமுறை: காது, பக்க விரல் நகம், படுக்குமிடம் ஆகியவற்றைக் கவனித்தல்.
மாதம் இருமுறை: குளியல்.
மூன்று மாதத்திற்கு ஒருமுறை: குடற்புழு நீக்கம்.
ஆண்டுக்கு ஒருமுறை: வெறிநோய்த் தடுப்பூசி.

தடுப்பூசி போட்ட தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதினால் தொலைந்துவிடும். வீட்டுச் சுவரில் மாட்டியுள்ள நாட்காட்டியில், அடுத்த ஊசிக்குரிய நாளில் குறித்து வையுங்கள். இரவில் நாம் தூங்க அது விழித்திருக்கிறது. அதற்காக ஆண்டில் ஒருநாள் கால்நடை மருந்தகம் வரை நடப்பது நம் கடமை. அது நம் குழந்தைகளுக்கும் காவல்.