நம்ம வயலிலேயே ஒரு சோதனை: எதை எப்படி ஒப்பிடுவது?

"பஞ்சகவ்யா தெளிச்சேன், மூட்டை கூடிச்சு" என்று நம் கூட்டங்களில் பலரும் சொல்கிறோம். நானும் சொன்னவன்தான். மடைப் பக்கம் பாதி வயலில் தெளித்தேன். கடைசிப் பக்கம் பாதியைச் சும்மா விட்டேன். தெளித்த பக்கம் நல்ல விளைச்சல். என் பேச்சை நம்பிப் பக்கத்து வயல்காரரும் செலவு செய்தார். மறுவருஷம் எங்கேயும் தெளிக்கவில்லை. அப்போதும் மடைப் பக்கம்தான் கூட விளைந்தது! வண்டல் செய்த வேலையைப் பஞ்சகவ்யா கணக்கில் வரவு வைத்திருக்கிறேன். பஞ்சகவ்யா பயன் தராது என்று இதற்கு அர்த்தமில்லை. என் சோதனை எதையும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இதைத் தவிர்க்க வழி சொன்னவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1919-ல் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் வற்புறுத்தியது மூன்று விஷயம்:

1. ஒரே துண்டை நம்பாதே. பல துண்டில் திரும்பச் செய்.
2. மண் ஒத்திருக்கும் துண்டுகளை ஒரு தொகுதியாக்கி, அதற்குள்ளேயே ஒப்பிடு.
3. எந்தத் துண்டுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்.

இனி, கேள்விக்கு ஏற்ற அமைப்பைப் பார்ப்போம்.

ஒரே கேள்வி: தெளிக்கலாமா, வேண்டாமா? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு ஒரு ஜோடி. மடையிலிருந்து கடைசிவரை நாலு ஜோடியாவது வையுங்கள்.

இரண்டு கேள்வி: பஞ்சகவ்யா உண்டா, இல்லையா? நடவு 25-க்கு 25 செ.மீ.யா, 20-க்கு 15-ஆ? இரண்டையும் சேர்த்தே சோதிக்கலாம். மொத்தம் நாலு சேர்க்கை; நாலு தொகுதிக்கு 16 துண்டு. துண்டுக்கு ஒரு சென்ட் போதும். இதில் எட்டுத் துண்டில் பஞ்சகவ்யா, எட்டில் இல்லை. அதே 16-லேயே எட்டு அகல நடவு, எட்டு நெருக்க நடவு. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் இதே துல்லியத்துக்கு 24 துண்டு வேண்டும். அகல நடவில் மட்டும்தான் பஞ்சகவ்யா எடுபடுதா என்பதும் அப்போது தெரியாது.

அளவுக் கேள்வி: எவ்வளவு தெளிப்பது? இரண்டு அளவு வைத்தால் விளைச்சல் ஏறுதா இறங்குதா என்றுதான் தெரியும். உச்சி எங்கே என்று தெரியாது. குறைந்தது மூன்று அளவு வேண்டும்: பத்து லிட்டர் டேங்குக்கு 200, 300, 400 மில்லி. வயலில் வளர்ந்த இந்தக் கணக்கை, உச்சியைப் படிப்படியாகத் தேடும் முறையாக ஜார்ஜ் பாக்ஸும் வில்சனும் 1951-ல் ரசாயனத் தொழிலுக்காக விரித்தார்கள். நம்ம பக்கத்துச் சரக்கு அங்கே போய்ப் பயன்படுது, நாம்தான் விட்டுவிட்டோம்.

அறுக்கும்போது ஓர வரிசைகளை ஒதுக்கி, நடுவில் ஒரே பரப்பை மட்டும் அறுத்து, ஒரே மாதிரி காயவைத்து எடை போடுங்கள். நாலு ஜோடியிலும் தெளித்த துண்டே ஜெயித்தாலும் உடனே மேடை ஏறாதீர்கள். பஞ்சகவ்யா ஒன்றுமே செய்யாவிட்டாலும் அப்படி அமைய 16-ல் ஒரு வாய்ப்பு உண்டு; நாணயம் நாலு தடவையும் தலை விழுகிற மாதிரி. இன்னொரு போகமும் பாருங்கள்.

தோற்ற சோதனையையும் நோட்டில் எழுதுங்கள், கூட்டத்தில் சொல்லுங்கள். நம் பேச்சை நம்பி இன்னொரு விவசாயி காசைப் போடுகிறார்.