இளைத்த வண்டி ஏன் பாய்கிறது?

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை. அங்கே பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பந்தயத்துக்காகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினைத் தொடாமலே அதன் பாய்ச்சலைக் கூட்ட முடியுமா?

முடியும். சென்னையின் ராயல் என்பீல்டு நிறுவனம் கரடுமுரடான பாதைகளுக்கென 2016-இல் வெளியிட்ட ‘இமாலயன்’ வண்டியைப் பாருங்கள். ஒற்றைச் சிலிண்டர், 411 கன செ.மீ.; சுமார் 24 குதிரைத்திறன். மண்தடத்தில் ஓட்ட இதிலிருந்தே ‘எஃப்.டி.411’ என்ற வண்டி உருவானது.

இமாலயன் சுமார் 182 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, மொத்தம் 252. சாமான் தாங்கி, கனத்த சைலன்சர், பெரிய பெட்ரோல் டாங்க் போன்றவற்றை நீக்கியும் மாற்றியும் 28 கிலோ குறைத்தால் மிஞ்சுவது 224. விசை மாறாதபோது, நிறை குறையக் குறைய முடுக்கம் கூடும் என்பது நியூட்டன் விதி. 252 ÷ 224 = 1.125. அதாவது, 24 குதிரைத்திறன் எஞ்சின் 27 ஆனது போல!

எல்லாக் கிலோவும் சமமல்ல. சக்கர விளிம்பின் நிறை முன்னேறுவதோடு சுழலவும் வேண்டும். ஆகவே அங்கே குறையும் 1 கிலோ, பிற இடத்தில் 2 கிலோ குறைவதற்கு ஈடு.

ஆனால் சட்டகத்திலும் பிரேக்கிலும் கைவைத்தால் உயிருக்கே ஆபத்து. இப்படி மாற்றிய வண்டிக்குப் பந்தயத் திடலே இடம், சாலையன்று.

புத்தகப் பையோடும் பையின்றியும் சைக்கிள் மிதித்துப் பாருங்கள். நியூட்டன் விதி உங்கள் காலுக்கே புரியும்!